வீட்டுக்கு வீடு புலி

போர்ட் பிளேருக்கு நர்ஸ் வேலைக்கு வந்த மூன்றாவது வாரம் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். விடியற்காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது குவார்ட்டர்ஸ் மதில்மேல் ஒரு மரநாய் உட்கார்ந்திருந்தது, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவசரமே இல்லாமல் எழுந்து போனது என்று நாலு வரி. எழுத வேறு விஷயம் இல்லாததால் எழுதினேன். அடுத்த கப்பலில் அம்மாவின் பதில் வந்தது. "நாய் கடிச்சிருச்சா? ஊசி போட்டியா? தொப்புளச் சுத்திப் போடுவாங்களாம். நீயே போட்டுக்கிடாத, வேற ஆளப் போடச் சொல்லு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இருபத்து மூன்று வயதில் தூத்துக்குடியை விட்டுக் கடல் தாண்டி வந்து, முப்பது கட்டில் உள்ள வார்டைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவளிடம் நாய்க்கடி விசாரணையா? அன்றைக்கே உட்கார்ந்து அடுத்த கடிதத்தை எழுதினேன். மரநாயில் மரத்தையும் நாயையும் எடுத்துவிட்டுப் புலியை வைத்தேன். விடியற்காலையில் ஒரு புலி எதிரே வந்தது, கண் இரண்டும் பெட்ரோமாக்ஸ் விளக்குப்போல் எரிந்தன, நான் அசையாமல் நின்று அதன் கண்ணையே பார்த்தேன், அது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விட்டது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

அப்பா அந்தக் கடிதத்தைத் தெருவில் உரக்கப் படித்தாராம். யாரும் நாய்க்கடி பற்றிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டிலிருந்து வந்த கடிதங்களில் என் சுகத்தை விசாரித்த கையோடு புலியின் சுகத்தையும் விசாரித்தார்கள். கேட்பவர்களை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வருஷத்தில் என் புலி ஐந்து தடவை குவார்ட்டர்ஸ் பக்கம் வந்து போனது. ஒரு தடவை அதற்குக் கால் நொண்டியது. நர்ஸ் இல்லையா, காயத்தை விட்டுவிட்டு எழுத முடியுமா!

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது இரண்டு வருஷம் ஓடியதே பெரிய காரியம். கல்யாணமாகாத பிள்ளையைப் புலிக்கு நடுவிலா விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று யாரோ ஓர் அத்தை எங்கள் வீட்டில் வந்து கேட்டுவிட்டாள். அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. "உன் அண்ணன் டிசம்பர் கப்பலில் வருகிறான். புலி இருப்பது மெய்யானால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு அவனோடு புறப்பட்டு வந்துவிடு."

அந்தமானில் புலி கிடையாது. அன்றும் கிடையாது, என்றும் இருந்ததில்லை. பன்றி உண்டு, வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட மான் உண்டு, மரத்துக்கு மரம் பாம்பு உண்டு. மான் பெருகிவிட்டதென்று ஒரு சமயம் மெயின்லாண்டிலிருந்து இரண்டு சிறுத்தைகளைக் கொண்டுவந்து காட்டில் விட்டார்களாம், இரண்டும் பெட்டையாகப் போய்விட்டதாம் என்று எங்கள் வார்டு ஆயா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நிஜமோ கதையோ, எனக்கு அந்த இரண்டையும் பிடிக்கும். தேடி வர அண்ணன்மார் இல்லாமல் நிம்மதியாக மானைத் தின்றுகொண்டு இருந்திருக்கும்.

உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். புலி பொய்யென்றால், என் அறைக்கு நல்ல தாழ்ப்பாள் இருக்கிறது என்று எழுதியதும் பொய், மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறேன் என்றதும் பொய், யாரும் என்னை ஒரு தப்பான வார்த்தை பேசியதில்லை என்றதும் பொய் என்று வீட்டில் முடிவு கட்டுவார்கள். அவை அத்தனையும் சத்தியம். புலி மெய்யென்றாலோ பெட்டியைக் கட்ட வேண்டும். எனக்கு அந்த வேலையை விட மனமில்லை. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் அந்த அறையையும், வார்டுக்குள் நுழைந்தால் நாலு பாஷையில் என்னைக் கூப்பிடும் அந்தக் குரல்களையும் விட்டுவிட்டுப் போய், எங்கள் வீட்டு அடுக்களையில் யாராவது பெண் பார்க்க வருவார்கள் என்று காத்திருப்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வரும்.

ஆகவே புலியைக் கொன்றுவிட முடிவு செய்தேன்.

அண்ணன் கப்பலை விட்டு இறங்கி, நாலு நாள் கடல் தள்ளாட்டம் காலைவிட்டுப் போவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "அண்ணே, அந்தப் புலி போன மாசம் செத்துப் போச்சு. கெழட்டுப் புலி. இந்தத் தீவிலயே அது ஒண்ணுதான் இருந்துச்சு."

அண்ணனின் முகம் விழுந்துவிட்டது. தங்கச்சி பிழைத்தாள் என்ற சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. "அடக் கொடுமையே! தோலையாவது வச்சிருக்காங்களா?"

"கடல்ல போட்டுட்டாங்க. தோலோட."

அண்ணன் என்னைக் கூட்டிப்போக வந்தான் என்பது அப்பாவின் கணக்கு. அவனுடைய கணக்கு வேறு. ஊரில் அவனுக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. பத்து வருஷமாகக் கல்யாண ஜோடிகளையும் நாற்காலியில் சாத்தி வைத்த பிணங்களையும் படம் எடுத்து அலுத்துப் போயிருந்தான். இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி அசையாமல் இருக்கிறார்கள் என்பான். உட்காரச் சொன்னால் உட்காராத ஒன்றைப் படம் எடுக்க வேண்டும், அதைச் சட்டம் போட்டு ஸ்டூடியோ வாசலில் மாட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காகவே மேலிருந்து குனிந்து பார்க்கும் பெட்டிக் கேமராவும் இரண்டே இரண்டு பிலிம் ரோலும் கொண்டுவந்திருந்தான். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். புலி செத்த செய்தி கேட்டதிலிருந்து கேமராவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, துஷ்டி வீட்டுக்காரன்போல் உட்கார்ந்திருந்தான். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஜனவரிக் கடைசியில் கப்பல், அதுவரை மீனும் சோறும் போட்டு அனுப்பிவிட்டால் போதும்.

அந்தச் சமயத்தில்தான் வங்காளி வந்தான்.

வந்தான் என்றால் புதிதாக வரவில்லை, ஒரு மாதமாக வார்டு வாசலிலேயே இருந்தான். வடக்கு அந்தமானில் சேடில் பீக் மலைக்குக் கீழே சர்க்கார் கொடுத்த நிலத்தில் நெல் போட்டிருக்கும் விவசாயி. பெண்சாதிக்கு இரட்டைப் பிள்ளை, சிக்கலான பிரசவம். இரண்டும் பிழைத்தன, தாயும் பிழைத்தாள். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த அண்ணனிடம் கேமராவைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளை ஒரு படம் எடுக்க முடியுமா என்று கைஜாடையில் கேட்டான். அண்ணன் பழக்கதோஷத்தில், பிறந்து ஒரு மாதமான பிள்ளையிடம், "தாடையக் கொஞ்சம் இறக்குங்க" என்றான்.

படம் எடுத்து முடிந்ததும் வங்காளி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "தீதி, பௌஷ் சங்க்ராந்தி மே ஆனா. பஹாட் கே நீச்சே ஹமாரா கர். புலி கிலாயேகா."

பௌஷ் சங்கராந்தி என்பது நம் பொங்கல் நாள். அன்றைக்கு வாருங்கள் அக்கா, மலைக்குக் கீழே எங்கள் வீடு. அதுவரை புரிந்தது. கடைசி வாக்கியத்தில் நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அண்ணனுக்கு இந்தியில் ஒரு சொல் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு அவனுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "ஏட்டி! புலிங்கானே! என்னட்டி சொல்லுதான்?"

இங்கே எங்கள் தீவு இந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வங்காளி, தெலுங்கர், மலையாளி, நாங்கள், எல்லோரும் அதைத்தான் பேசினோம், யாரும் அதைப் படித்துப் பேசவில்லை. வேற்றுமை உருபெல்லாம் கப்பலில் வரும்போதே கடலில் விழுந்துவிடும். 'கிலாயேகா' என்றால் ஊட்டுவோம், தின்னக் கொடுப்போம். வார்டில் தினம் நூறு தடவை மருந்து 'கிலா'த்தவள் எனக்கு அது தெரியாதா? 'புலி ஊட்டுவோம்' என்கிறான். புலியை யாரும் ஊட்ட முடியாது, ஆகவே புலிக்கு ஊட்டுவார்கள் என்று நானே ஒரு 'கு' போட்டுக்கொண்டேன். புலிக்கு இந்தியில் வேறு சொல் இருக்கிறதே என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் தீவில் யார் யாருடைய சொல்லையும் எடுத்துக்கொள்வார்கள். இந்த ஆளே ஒரு மாதத்தில் எங்கள் வார்டில் 'சாப்பாடு', 'வலி', 'சும்மா இரு' மூன்றும் கற்றிருந்தான். எங்களுக்காகத் தமிழில் சொல்கிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"புலிக்குத் தீனி வைப்பாங்களாம்," என்றேன்.

வங்காளி விடவில்லை. "ஹர் கர் மே புலி!" வீட்டுக்கு வீடு புலி. "தூத் புலி பீ!" பால் புலியும் உண்டு.

"குட்டியும் இருக்காம்லா!" என்று அண்ணன் தானே மொழிபெயர்த்துக்கொண்டான். என் தம்ளரில் இருந்த பாலைக் காட்டி வங்காளி சைகை செய்ததில் அவனுக்கு அது விளங்கிவிட்டது.

பயம் ஒன்றுமில்லையா என்று நான் இந்தியில் கேட்டேன். வங்காளி விரல் நுனிகளைச் சேர்த்துக் காட்டி, "ஏக்தம் நரம்!" என்றான். ரொம்ப மிருது. சாது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஒண்ணே ஒண்ணுதான், அதும் செத்துப் போச்சுன்னியே?"

"அது இந்தத் தீவில. இது வடக்க," என்று முனகினேன். நான் அவிழ்த்துவிட்ட பொய் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது. வேறு யாராவது என்றால் வாலைப் பிடித்துக்கொண்டு திண்டாடியிருப்பார்கள், எனக்கு வாலே கைக்கு அகப்படவில்லை.

அண்ணனைத் தனியாக அனுப்ப முடியாது, பாஷை தெரியாது. அது நான் லீவு எழுதிக் கொடுத்தபோது சொன்ன காரணம். உண்மையான காரணம், புலியும் கேமராவும் சந்திக்காமல் பார்த்துக்கொள்ள அங்கே ஒரு ஆள் வேண்டும். ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் ஏறினோம். லாங் ஐலண்டில் ஆட்டை ஏற்றி, மாயாபந்தரில் ஆட்டை இறக்கி, ஏரியல் பே போய்ச் சேர்வதற்குள் அண்ணன் கேமராக் கண்ணாடியை முப்பது தடவை துடைத்திருப்பான். படகுத்துறையில் வங்காளி மாட்டுவண்டியோடு நின்றான்.

வீட்டில் அவன் பெண்சாதி உரலில் பச்சரிசி இடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீடுகளிலும் இடிக்கிற சத்தம். இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "புலி கே லியே," என்று சிரித்தாள். புலிக்காகத்தான்.

"மாவு திங்குமாட்டி?" என்றான் அண்ணன்.

"பால்ல கரைச்சுக் குடுப்பாங்களா இருக்கும்."

"புலி பசிச்சாலும் புல்லத் தின்னாதும்பாங்க. இங்கன மாவு திங்குது. என்ன ஊருட்டி இது!" அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். மறுநாள்தான் சங்கராந்திக்கு முந்தின நாள். மலைமேல் போகலாம், நல்ல படம் கிடைக்கும், புலி நாளை மறுநாள் காலையில் வீட்டில்தான் என்று வங்காளி சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். வீட்டுக்கு வரும் புலியை விட மலையில் இருக்கும் புலிதான் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டான்.

காலையில் கிளம்பினோம். வங்காளி முன்னால், அண்ணன் நடுவில், நான் பின்னால், எனக்கும் பின்னால் வீட்டு நாய். முதலில் கடலோரமாகக் கூழாங்கல்லில் நடை, பிறகு காட்டுக்குள் ஏற்றம். வேர்களைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். என் தோள்பையில் ஒரு எவர்சில்வர் தம்ளரையும் அதற்குள் இரண்டு ஸ்பூனையும் போட்டு வைத்திருந்தேன். அடிக்கு அடி அது கலகலத்தது. போதாதென்று இருமினேன், தும்மினேன், ஏற்றத்தில் மூச்சு வாங்காமலிருக்கப் பாடினால் நல்லது என்று சொல்லிப் பாடினேன்.

"வாய மூடிட்டு வாயேம்ட்டி!" என்று அண்ணன் கிசுகிசுத்தான். "புலி ஓடிராதா?"

"நர்ஸ் சொன்னாக் கேக்கணும். நெஞ்சுக்கு நல்லது."

ஓடைப் பக்கம் சேற்றில் வட்டமாக ஒரு கால்தடம் இருந்தது. புதிது, ஈரம் காயவில்லை. இரண்டு வருஷம் நானே சமைத்துப் பரிமாறிய புலி, நானே நொண்ட வைத்த புலி, இதோ நாலு விரலும் உள்ளங்காலுமாக. அண்ணன் பார்ப்பதற்குள் அதன் மேல் என் செருப்பை வைத்துத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வீட்டு நாய் என்னைத் தாண்டிப் போய், பக்கத்திலேயே அதே மாதிரி இன்னும் நாலு தடம் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தது. நான் செருப்பைக் கழுவிக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் புதர் அசைந்தது. அண்ணன் கேமராவுக்குள் குனிந்தான். அந்த மாதிரிப் பெட்டியில் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும், ஸ்டூடியோவில் நாற்காலியில் இருப்பவருக்கு அதனால் நஷ்டமில்லை. புதரிலிருந்து ஒரு காட்டுப் பன்றி ஐந்து குட்டிகளோடு வெளியே வந்தது. அண்ணன் ஒரு பக்கம் திருப்ப, அது மறுபக்கம் போக, "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்று அவன் கெஞ்சுவதற்குள் குடும்பமே போய்விட்டது. படத்தில் விழுந்தது ஒரு வால் மட்டும். பச்சைப் புறா ஒன்றை எடுத்தான், அது கிளையாக விழுந்தது. மரக்கிளையில் பாம்பு என்று எடுத்தது நிஜமாகவே கிளை. இப்படியே மதியத்துக்குள் ஒரு ரோல் தீர்ந்தது.

முகடு தெரியும் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். கீழே கடல் கண்ணுக்கு எட்டின மட்டும் கிடந்தது. அண்ணன் கால்சட்டையைச் சுருட்டி அட்டைகளைப் பிய்த்துக்கொண்டே சொன்னான், "ஒரு படம் மாட்டினாப் போதும்ட்டி. அப்பாட்டக் காட்டிருவேன், கடை வாசல்லயும் மாட்டிருவேன்."

"அப்பாட்டக் காட்டினா என்னையக் கூட்டிட்டுல்லா போவணும்?"

"பின்ன? புலி இருக்க ஊர்ல உன்னய விட்டுட்டா போவாங்க?" அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை, அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னை ஊருக்குக் கூட்டிப்போவது அவனுக்கு அவ்வளவு சாதாரணம். எனக்கு அந்த இடத்திலேயே அவனை மலையை விட்டு உருட்டிவிடலாம் போலிருந்தது.

எழுந்து போய்த் தள்ளி நின்ற வங்காளியிடம் நேராகவே கேட்டேன், புலிக்குச் சுத்தமான இந்திச் சொல்லாகப் பார்த்து. "பாக் எங்கே இருக்கிறது?"

அவன் சிரித்தான். "பாக்? அந்தமான் மே பாக் நஹி, தீதி!" பாக் எல்லாம் அவனுடைய பழைய ஊர்ப் பக்கத்தில், ஆற்றுக்காட்டில். அவன் சித்தப்பாவை அதுதான் கொண்டுபோயிற்று. வீடு, நிலம், தென்னை எல்லாவற்றையும் அங்கே விட்டுவிட்டு வந்தானே, அப்போது விட்டதில் வருத்தப்படாத ஒரே பொருள் அதுதானாம். இங்கே வந்த பிறகு பூரானுக்கு மட்டும்தான் பயம்.

"அப்படியென்றால் புலி?"

"புலி கர் மே." புலி வீட்டில்.

நான் விழித்தேன். அவன் இடது உள்ளங்கையில் ஒன்றுமில்லாத மாவைத் தட்டினான், நடுவில் ஒன்றுமில்லாத பூரணத்தை வைத்தான், மடித்து, கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி மூடினான். தேங்காய் என்று காட்டினான், வெல்லம் என்று காட்டினான். பாலில் போட்டுக் கொதிக்கவைத்தால் தூத் புலி.

கொழுக்கட்டை! நாங்கள் மலையேறித் தேடிக்கொண்டிருந்தது கொழுக்கட்டையை. பாலில் போட்டது பால் கொழுக்கட்டை. உருபு போடாமல் அவன் சரியாகத்தான் சொன்னான், நான் போட்ட 'கு'தான் தப்பு. வயிறு வலிக்கும்வரை சிரித்தேன். பாறையிலிருந்து அண்ணன், "சிரிக்காதட்டி, பக்கத்திலதான் எங்கயோ இருக்கு!" என்று கையைக் கையை ஆட்டினான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மலையை விட்டு உருட்ட நினைத்த கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அண்ணன் முற்றத்தில் ஸ்டாண்டை நட்டு, கேமராவை ஏற்றி, வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தான். மிச்சமிருந்த ரோலில் பதினொரு படத்தைப் பரீட்சைக்கென்று கோழிகளின் மேல் செலவழித்துவிட்டான். புலி எந்தப் பக்கமாக வரும் என்று கேட்டான். "அடுப்படி வழியா," என்றேன்.

"வீட்டுக்குள்ளயே வளக்காங்களா?"

"நேத்து ராத்திரியே செஞ்சு... சேத்து வச்சுட்டாங்களாம்."

வங்காளியின் பெண்சாதி தலைக்குக் குளித்து, முக்காடு போட்டுக்கொண்டு, ஒரு பித்தளைத் தட்டை ஏந்தி வந்தாள். பின்னால் வங்காளி பால் கிண்ணத்தோடு. "லோ தாதா, புலி!" இந்தாருங்கள் அண்ணா, புலி.

அண்ணன் எம்பி அவர்களுக்குப் பின்னால் பார்த்தான். "எங்க?"

"புலி, புலி," என்று அவள் தட்டை இன்னும் கிட்டே நீட்டினாள். ஆவி பறந்தது. பிறைபிறையாக, ஓரம் கிள்ளி, வெள்ளை வெளேரென்று பதினைந்து இருபது புலி.

அண்ணன் தட்டைப் பார்த்தான், பாலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் சாத்தி வைத்து அவன் படம் எடுப்பானே, அந்தக் கூட்டத்தில் ஒருவன்போல் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். பிறகு ஒன்றை எடுத்துக் கடித்தான். மென்றான். இன்னொன்றை எடுத்தான். ஒன்றன்பின் ஒன்றாக ஆறு புலி உள்ளே போயிற்று. "ஏக்தம் நரம்?" என்று வங்காளி ஆவலாகக் கேட்டான். நான் தலையாட்டினேன்.

பிள்ளைகள் அழ, புருஷனும் பெண்சாதியும் உள்ளே போன பிறகு அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "அப்ப நீ எழுதின புலி?"

நான் ஒரு வழி தயாராக வைத்திருந்தேன். "நான் புலின்னுதான் எழுதுனேன். நீங்க மிருகம்னு நெனச்சா நான் என்ன செய்ய?"

"கண்ணு ரெண்டும் பெட்ரோமாக்ஸ் மாதிரி எரிஞ்சுதுன்னு எழுதியிருந்தியே. கொழுக்கட்டைக்கு ஏதுட்டி கண்ணு?"

கையில் ஒரு கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மரநாய், மதில், அம்மாவின் நாய்க்கடி விசாரணை, எனக்கு வந்த கோபம், அப்பா கேட்கக் கேட்க நான் வளர்த்தது. மற்றது எதுவும் பொய்யில்லை, தாழ்ப்பாள் நல்ல தாழ்ப்பாள், வேலையை விட்டுவிட்டு வரமாட்டேன், இழுத்துக்கொண்டு போனால் கப்பலிலிருந்து குதிப்பேன் என்றேன். சிரித்துக்கொண்டு ஆரம்பித்தவள் சொல்லச் சொல்ல அழுதுவிட்டேன்.

"அழுதுட்டே திங்காதட்டி, புரையேறும்," என்றான் அண்ணன். எழுந்து போய்க் கேமராவுக்குள் குனிந்தான். கடைசியாக ஒரே ஒரு படம் பாக்கி இருந்தது. "தாடைய இறக்கு."

"வாயில புலி இருக்கு."

"அதோட இரு."

ஜனவரிக் கடைசியில் கப்பல் ஏறும்போதும் அப்பாவிடம் என்ன சொல்லப் போகிறான் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் பெட்டியைக் கட்டச் சொல்லாமல் போனான், அதுவரை லாபம். ஆனால் அப்பாவின் ஒரு கடிதம் போதும், மேலதிகாரிக்கு இரண்டு வரி எழுதினால் போதும். அடுத்த ஒன்றரை மாதம் தபால்பை வரும் நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வார்டில் காய்ச்சல் பார்க்கும்போது என் கைதான் சுட்டது.

மார்ச்சில் கடிதம் வந்தது. அப்பாவின் எழுத்து. "உன் அண்ணன் படத்தைக் காட்டினான். உன்னோடு இரண்டு நாள் பேசுவதில்லை என்று இருந்தேன். தெருவில் கேட்பவர்களிடம் புலி கிழடாகிச் செத்துவிட்டது, தோலோடு கடலில் போட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன், நீயும் மாற்றிச் சொல்லாதே. உன்னைக் கூட்டிக்கொண்டு வரத்தான் அவனை அனுப்பினேன். ஆனால் உன் அம்மா, இவள் இருக்கிற ஊரில் புலி எப்படி இருக்கும், அது பாட்டுக்கு எங்கேயாவது பிழைத்துப் போகட்டும் என்கிறாள். ஆகவே நீ அங்கேயே இருந்துகொள்."

படத்தின் ஒரு பிரதியையும் வைத்திருந்தார். கன்னம் உப்பி, மூக்கு சிவந்து, கண்ணீரோடு நான். பின்பக்கம் அண்ணன் எழுதியிருந்தான்: 'தங்கச்சி புலியைத் தின்னும்போது எடுத்தது.' அதன் பெரிய பிரதியைச் சட்டம் போட்டு ஸ்டூடியோ வாசலில் மாட்டிவிட்டானாம். என்னைக் கேட்காமல் மாட்டியதற்கு அவனை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

கடிதத்தை மடிக்கப் போகும்போதுதான் ஓரத்தில் பென்சிலால் அம்மா எழுதியிருந்ததைப் பார்த்தேன். அப்பாவுக்குத் தெரியாமல், இடம் போதாமல், நெருக்கி நெருக்கி. "புலிய விடு. மொத வந்த அந்த நாய் கடிச்சுதா இல்லியா? ரெண்டு வருசமா நீ அதுக்குப் பதிலே போடல. ஊசி போட்டியா?"

ஐந்து தடவை புலி வந்து போன அந்த இரண்டு வருஷமும் அம்மா அந்த ஒரு நாயையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். வார்டு ஆயா ஓடிவந்து, ஊரில் யாருக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

அன்றைக்கே பதில் எழுதினேன். 'கடிக்கவில்லை, அம்மா. ஊசி போடத் தேவைப்படவில்லை. மதில்மேல் உட்கார்ந்திருந்தது, எழுந்து போய்விட்டது. உண்மையில் அது நாயே இல்லை.' ஒரு சொல்கூடக் கூட்டாமல், குறைக்காமல் எழுதி, ஒட்டி, நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன்.

அடுத்த கப்பலில் அம்மாவின் பதில் வந்தது. "நாய் இல்லன்னா, பின்ன என்னது? மறைக்காம எழுது."